தொலைக்கல்வியில் மீள்வழி: அஞ்சல்வழிக் கல்வி முதல் இணையவழிக் கல்வி வரை

முன்னுரை

தமிழகத்தில் உயர்கல்வி பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தோன்றிய ஆண்டுகளையும், அவற்றை நிறுவிய சட்டங்களையும், துணைவேந்தர்களாக விளங்கிய சான்றோர்களையும் நிரல்பட உரைத்து அமைவர். அவ்வரலாறு பயனுடையதே. ஆயினும், பல்கலைக்கழக வாயிலை மிதியாமலே பட்டம் பெற்ற பெருந்தொகையினரின் கல்வி வரலாறு அதனுள் அடங்குவதில்லை. அவர்களுக்குப் பாடம் சுமந்து சென்ற கருவிகள் அரை நூற்றாண்டுக் காலத்தில் பலவாக மாறின. அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கருவிகளைக் கொண்டு கற்பிப்பதற்குப் பல்கலைக்கழகங்களும் பல்கலைக்கழக மானியக் குழுவும் வகுத்த விதிகள் எதனைக் காத்தன, எதனைக் காவாது விட்டன என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் நிற்கும் இடமாக வேடசந்தூரைக் கொள்கின்றோம். வேடசந்தூர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பழனி மலைச்சாரலில் தோன்றி அமராவதியிற் சென்று கலக்கும் குடகனாறு இவ்வட்டாரத்தின் வழியே ஓடுகின்றது. நிலம் மழைவளம் குறைந்தது. புகையிலை இங்கு நெடுங்காலமாக விளைகின்றது. சுருட்டுப் புகையிலைக்குரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1948 ஆம் ஆண்டில் இவ்வூரில் அமைந்ததும் அதனாலேயே ஆகும். பின்னர் நூற்பாலைகள் பெருகின. இரவும் பகலும் ஓடும் அவ்வாலைகளில் ஆண்களும் பெண்களும் 'ஷிப்ட்' என்று வழங்கும் முறைப்பணி செய்கின்றனர். இவ்வூர் பெருநகரமும் அன்று. எவரும் எட்டவியலாத காட்டூரும் அன்று. தொலைக்கல்வி யாருக்கென வகுக்கப்பட்டதோ அத்தகையோர் வாழும் இடம் இது. ஆதலின் விதிகளின் பயனை அளந்தறிதற்கு ஏற்ற இடமும் இதுவே எனத் துணிகின்றோம்.

அளவுகோல்

விதிகளை மதிப்பிடுவதற்கு முன் மதிப்பிடும் அளவுகோலை வரையறுத்தல் வேண்டும். அவ்வளவுகோலை வேற்று நாட்டிற் சென்று தேடவேண்டுவதில்லை. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலின் இயல்பைக் கணக்கிட்டுக் கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் குறைவின்றிக் கேட்டுக்கொண்டாலும் அவன் பெறுவது கால் பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் பங்கு நிரம்பும் என்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்றும் அந்நூல் வரையறுக்கின்றது. அஃதாவது, கேட்டல் கல்வியின் தொடக்கமே. முக்காற் பங்கு மாணாக்கன் வாய் திறந்த பின்னரே வருகின்றது.

இக்கருத்தைத் தொலைக்கல்விக்குப் பொருத்தி நோக்கின் இரண்டு வழிகள் தெளிவாகும். பாடம் ஆசிரியரிடமிருந்து மாணவரிடம் செல்லும் வழி ஒன்று. அதனைச் செல்வழி என்போம். மாணவரின் வினாவும் விடையும் ஆசிரியரிடம் திரும்பித் திருத்தம் பெற்று மீளும் வழி மற்றொன்று. அதனை மீள்வழி என்போம். செல்வழியை அகலப்படுத்துவது கருவியின் தொழில். மீள்வழியைத் திறந்து வைப்பதோ விதியின் தொழில். கருவி எத்துணை விரைவுடையதாயினும், விடையைப் படித்துத் திருத்தும் ஆசிரியரை விதி அமர்த்தாவிடின் மீள்வழி அடைபட்டே கிடக்கும்.

ஓராசிரியரைக் கொண்டு பலர்க்குக் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் பயிற்றுவான். அவர்கள் ஒப்பிப்பதனைக் கேட்பான். சென்னை எழும்பூரில் படைவீரர் ஆண்மக்களுக்கென நடந்த அநாதைப் பள்ளியின் மேற்பார்வையாளராக 1789 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதனைக் கண்டு, மணலெழுத்தையும் மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியிற் கையாண்டார். அதனைப் பற்றிய அவருடைய நூல் 1797 இல் இலண்டனில் வெளிவந்தது. இங்கிலாந்தில் அம்முறை 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. ஆசிரியர் குறைவாகவும் மாணவர் மிகுதியாகவும் இருந்த நிலையிலும் ஒவ்வொரு சிறுவனின் விடையையும் கேட்க ஒரு செவி இருந்தது என்பதே அம்முறையின் உயிர்நிலை. செலவைக் குறைப்பதற்காக எழுந்த முறையாயினும் அது மீள்வழியை அடைக்கவில்லை.

அஞ்சல்வழிக் கல்வி

அஞ்சலைக் கல்விக் கருவியாக ஆக்கிய பழைய முயற்சிகளுள் ஒன்று ஐசக் பிட்மன் நடத்திய சுருக்கெழுத்துப் பயிற்சியாகும். 1840 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஒரு பென்னிக் கட்டணத்தில் எங்கும் மடல் அனுப்பும் ஏற்பாடு வந்தது. பிட்மன் அவ்வாண்டிலேயே பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர் தாம் எழுதிய பயிற்சியைத் திருப்பி அனுப்ப, அது திருத்தப்பெற்று மீண்டும் அவரை வந்தடைந்தது. செல்வதும் மீள்வதும் ஒரே கட்டணத்தில் நிகழ்ந்தமையால் அம்முறை தழைத்தது. இதற்கு மாறாக, இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தொடங்கிய புறநிலைப் பட்டம் தேர்வை மட்டுமே நடத்தியது. கற்பிக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. தொலைக்கல்வியின் இருவேறு மரபுகள் இவ்விரண்டிலிருந்தே கிளைத்தன எனலாம். ஒன்று திருத்திக் கொடுக்கும் மரபு. மற்றொன்று தேர்ந்து பட்டம் வழங்கும் மரபு.

இந்தியாவில் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் ஆய்வையடுத்து, தில்லிப் பல்கலைக்கழகம் 1962 இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இல் இதனை மேற்கொண்டது. 1966 இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் ஐந்தாண்டிலேயே இப்பணியில் இறங்கியது குறிப்பிடத்தக்கது. பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்க்குப் பாடம் தொடங்கியதும் அதே 1971 இல்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் அவ்வழியிற் சென்றன.

1985 இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை வேடசந்தூர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1978 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகமே இவ்வட்டாரத்தின் பல்கலைக்கழகமாகவும் விளங்கியது. வேடசந்தூர், எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறை ஆகிய ஊர்களில் வாழ்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர், எழுத்தர், ஆலைத் தொழிலாளர், மணமாகி இல்லத்தில் தங்கிய மகளிர் ஆகியோர்க்குப் பட்டம் என்பது தபால்காரர் கொணரும் பாடக் கட்டாக வந்தது. பாடங்கள் தமிழிலும் கிடைத்தமை பெருநன்மை. கல்லூரிக்கு அனுப்பப் பொருளில்லாத குடும்பங்களில் முதற் பட்டதாரிகளை ஆக்கியதில் இவ்வேற்பாட்டிற்கு உள்ள பங்கு மறுக்கற்பாலதன்று.

அஞ்சல்வழிக் கல்வியின் அமைப்பில் மீள்வழி இரண்டு இருந்தன. மாணவர் எழுதி அனுப்பித் திருத்தம் பெறும் விடைத்தாள் ஒன்று. விடுமுறை நாட்களில் நகரக் கல்லூரிகளில் நடந்த தொடர்பு வகுப்பு மற்றொன்று. ஆனால் பல நிறுவனங்களில் விடைத்தாள் அனுப்புதல் கட்டாயமாக இருக்கவில்லை. தொடர்பு வகுப்பிற்கு வருதலும் மாணவர் விருப்பத்திற்கே விடப்பட்டது. விருப்பத்திற்கு விடப்பட்டது நாளடைவில் மெலிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கும் ஆலைத் தொழிலாளி நகரத்து வகுப்பிற்குச் செல்ல ஒரு நாட்கூலியை இழத்தல் வேண்டும். பேருந்துக் கட்டணமும் வேண்டும். எனவே அவர் பாடத்தைப் படித்தார், தேர்வை எழுதினார். இடையில் ஆசிரியர் எவரும் அவருடைய எழுத்தைக் கண்டாரல்லர். பிட்மன் மரபில் தொடங்கிய கல்வி இலண்டன் மரபில் முடிந்தது என இந்நிலையைச் சுருங்கக் கூறலாம்.

விதிகளோ வேறொரு திசையை நோக்கின. பல்கலைக்கழக மானியக் குழு 1985 இல் வெளியிட்ட தொலைக்கல்விக்குரிய விதிகளில், முதற்பட்டத்தில் சேர்வதற்கு வேண்டிய தகுதி முதன்மையிடம் பெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திறந்தநிலை முறையில், இளநிலைப் பட்டம் இல்லாதார்க்கு வழங்கிய முதுகலைப் பட்டம் குறித்து எழுந்த வழக்கில், அவ்விதிகள் கட்டாயமானவை என உச்சநீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. படிமுறை தவறாமை காக்கப்பட வேண்டியதே. ஆயினும், யார் நுழையலாம், எத்துணை ஆண்டு பயில வேண்டும் என்னும் வினாக்கள் நீதிமன்றம் வரை சென்றன; மாணவர் எழுதியதனை யாரேனும் படித்தனரா என்னும் வினா அங்ஙனம் எங்கும் எழுந்திலது.

வானொலியும் தொலைக்காட்சியும்

வானொலி இயல்பாகவே ஒருவழிக் கருவி, பேசும், கேளாது. எனினும் அக்கருவியையும் கேட்கச் செய்த முயற்சி ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது. 1956 இல் யுனெசுகோவின் துணையோடு, பூனாவைச் சூழ்ந்த மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் வானொலி ஊர்மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டதனைப் பற்றி உரையாடினர். ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்பினர். அவற்றிற்கு நிலையம் விடை கூறியது. நன்னூலார் கூறிய இரண்டாம் காற்பங்கு இங்கு நிறைவேறியது. கருவி ஒருவழியாயினும் ஏற்பாடு இருவழியாக இருந்தமையே இதற்குக் காரணம்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை வட்டாரத்தில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அந்நெல்லை அவர்களிடம் கொண்டு சேர்த்தமையே காரணம். பின்னர் வந்த வானொலிப் பண்ணைப்பள்ளிகளில் உழவர் பெயர் பதிந்து, பாடம் கேட்டு, கேட்கப்பட்ட வினாக்களுக்கு அஞ்சலில் விடை எழுதினர். பட்டம் எதுவும் வழங்காத அப்பள்ளிகளில் மீள்வழி திறந்திருந்தது என்பது நம் சிந்தனைக்கு உரியது.

தொலைக்காட்சியின் வரலாறு வேறு. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சி ஆய்வு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களைத் தொட்டது. தமிழகம் அவ்வாறனுள் இடம்பெறவில்லை. 1984 ஆகஸ்டு 15 இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு தழுவிய வகுப்பறை என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணாப் பல்கலைக்கழகத்திலும் அதற்குப் படம் ஆக்கும் மையங்கள் அமைந்தன. படங்கள் பல உயர்ந்த தரத்தன. ஆயினும் அவை முதன்மையாக ஆங்கிலத்தில் அமைந்தன. குறித்த நேரத்தில் ஒளிபரப்பாயின. அந்நேரத்தில் ஆலையில் நிற்பவர் அவற்றைக் காண இயலாது. கண்டவர்க்கும் ஐயம் கேட்க இடமில்லை.

2004 செப்டம்பர் 20 இல் கல்விக்கெனவே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் வழிப் பாடம் பெறும் நிலையங்கள் இருவகைப்பட்டன. மாணவர் ஆசிரியரோடு பேசத்தக்கவை ஒருவகை. பாடத்தைப் பெற மட்டுமே தக்கவை மற்றொரு வகை. செல்வழி, மீள்வழி என்னும் நம் பாகுபாடு இங்குக் கருவியின் அமைப்பிலேயே வெளிப்பட்டு நிற்றல் காண்க. பேசும் நிலையத்திற்குச் செலவு மிகுதி; பெறும் நிலையத்திற்குச் செலவு குறைவு. ஓர் ஊருக்கு எது வாய்த்தது என்பதனைக் கருவியின் ஆற்றல் முடிவு செய்யவில்லை. பொருள் ஒதுக்கீடே முடிவு செய்தது.

இணையமும் தமிழும்

இணையவழிக் கல்வியின் வரலாற்றில் தமிழுக்குச் சிறப்பான இடமுண்டு. 1999 பெப்ருவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் பொது விசைப்பலகையும் எழுத்துக் குறியேற்ற முறைகளும் ஆராயப்பட்டன. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவாகும். இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் கருத்தும் அங்கு உருப்பெற்றது. 2001 பெப்ருவரி 17 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. உலகெங்கும் பரவிய தமிழர்க்கும் தமிழ் பயில விழையும் பிறர்க்கும் பாடமும் மின்னூலகமும் அளிப்பது அதன் நோக்கம். பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது.

அந்நிறுவனத்தை உருவாக்குவதில் முன்னின்ற வா. செ. குழந்தைசாமி, வேடசந்தூரை அடுத்துள்ள கரூர் வட்டாரத்திற் பிறந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணாப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் துணைவேந்தராக இருந்தவர். அஞ்சல், திறந்தநிலை, இணையம் என்னும் மூன்று நிலைகளையும் ஒருவரே உள்ளிருந்து கண்டார் என்பது தமிழகத் தொலைக்கல்வி வரலாற்றின் தொடர்ச்சியைக் காட்டும்.

விசைப்பலகையைப் பற்றி ஈண்டுக் கூறியது வெறும் புறச்செய்தி அன்று. பாடம் தமிழில் திரையில் தோன்றுதல் செல்வழி. மாணவர் தம் விடையைத் தமிழில் தட்டெழுதி அனுப்புதல் மீள்வழி. விசைப்பலகையும் குறியேற்றமும் ஒருமைப்படாதிருந்த காலத்தில், ஒரு கணிப்பொறியில் எழுதியது மற்றொன்றில் சிதைந்த குறிகளாகத் தெரிந்தது. 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னர் இத்தடை பெரிதும் நீங்கியது. ஆயினும் மாணவர்க்குத் தமிழ்த் தட்டெழுத்துப் பயிற்சி அளித்தல் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் பொதுக்கடமை ஆகவில்லை. இக்குறையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மாநிலத்திற்கெனத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நடுவண் நிலையில், 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடங்களுக்குரிய விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016 இல் வகுத்தது. அவ்விதிகளின்படி ஒரு பாடத்திற்கு நான்கு உறுப்புகள் வேண்டும்: காணொலிப் பாடம், எழுத்துப் பாடம், ஐயம் எழுப்பித் தெளியும் கலந்துரையாடல் அரங்கு, மதிப்பீடு. மூன்றாவது உறுப்பே நாம் கூறும் மீள்வழி. ஐயங்களுக்குப் பாட ஒருங்கிணைப்பாளரோ அவர் குழுவினரோ காலந்தாழ்த்தாது விடையளிக்க வேண்டும் என்பது கருத்து. தொலைக்கல்வி விதிகளில் மீள்வழிக்குத் தனியிடம் கிடைத்தது இவ்விதிகளின் சிறப்பாகும்.

ஆனால் அளவிடப்பட்டது எது எனக் காணல் வேண்டும். ஒரு மாணவர் தம் மதிப்பலகுகளில் 20 விழுக்காடு வரை இவ்வழியிற் பெறலாம் என 2016 விதி வரையறுத்தது. 2021 இல் அவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. 2020 செப்டம்பரில் வந்த திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிகள், தொலைநிலைப் படிப்பு நடத்தத் தேசியத் தர மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளியும், முழு இணையவழிப் படிப்பு நடத்த 3.26 புள்ளியும் அல்லது தரவரிசையில் முன்னிடமும் வேண்டும் என்றன. இவையெல்லாம் நிறுவனத்தின் தகுதியை அளப்பன. ஒரு பல்கலைக்கழகத்தின் கலந்துரையாடல் அரங்கில் எத்தனை ஐயங்கள் எழுந்தன, எத்தனை நாளில் விடை பெற்றன என்பதற்கு இத்தகைய எண் வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை.

2020 ஆம் ஆண்டின் சோதனை

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபொழுது, தொலைக்கல்வி விரும்பியோர்க்குரியதாக இருந்த நிலை மாறி, அனைவர்க்கும் விதிக்கப்பட்டதாயிற்று. முன்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக விளங்கி, பின்னர் அரசு கலை அறிவியல் கல்லூரியான வேடசந்தூர்க் கல்லூரி போன்றவற்றில் பயின்றோரும், இல்லத்திலிருந்தே பாடம் கேட்க வேண்டியவராயினர். அவ்வாண்டு ஏப்பிரல் 29 இல் மானியக் குழு வெளியிட்ட நெறிமுறை, பாடத்திட்டத்தில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை இணையவழியிலும் 75 விழுக்காட்டை நேரிலும் நடத்த நிறுவனங்கள் ஆயத்தமாதல் வேண்டும் என்றது. 2021 மே மாதத்தில் வந்த கலப்புமுறைக் கல்வி பற்றிய வரைவு இணையப் பங்கை 40 விழுக்காடு வரை உயர்த்தக் கருதியது.

விழுக்காடு உயர்ந்த வேகத்தோடு இல்லங்களின் நிலையை ஒப்பிடுதல் வேண்டும். 2017-18 இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75 ஆம் சுற்றின்படி, இந்தியச் சிற்றூர்களில் கணிப்பொறி இருந்த குடும்பங்கள் 4.4 விழுக்காடு, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு. தமிழகத்தில் 2011 முதல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டமை இக்குறையை ஓரளவு தணித்தது. 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை நாள்தோறும் 2 ஜிபி அளவு இணையம் பெறும் அட்டைகள் ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு வழங்கப்படும் என மாநில அரசு அறிவித்தது. இவை பாராட்டத்தக்க உதவிகள். எனினும் இவையும் செல்வழிக்கே உதவின. கைப்பேசியின் சிறுதிரையில் விரிவுரையைக் கேட்கலாம். ஐந்து பக்க விடையைத் தமிழில் தட்டெழுதுதல் எளிதன்று.

எனவே தேர்வு வந்தபொழுது நிகழ்ந்தது யாது? மாணவர் வெள்ளைத்தாளில் கையால் எழுதினர். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பினர். சில பல்கலைக்கழகங்கள் விடைத்தாளை அஞ்சலிலும் அனுப்ப இசைந்தன. 1971 இல் பாடத்தைக் கொணர்ந்த அதே அஞ்சலகம், அரை நூற்றாண்டு கழித்து விடையைக் கொண்டு சென்றது. இதனை நகைப்பிற்குரியதாகக் கொள்ளலாகாது. செல்வழியை நாம் நான்கு முறை மாற்றியமைத்தோம். மீள்வழியை ஒருமுறையும் மாற்றியமைக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இருவகை மறுப்புகள்

நம் கருத்திற்கு மறுப்புகள் எழலாம். பதிவு செய்யப்பெற்ற பாடம், நேரத்தைக் கட்டாத நன்மை உடையது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண் பிற்பகலில் அதனைக் கேட்கலாம். தொடர்பு வகுப்பும் தொலைக்காட்சியும் தாராத விடுதலையை இணையம் தந்தது என்பது முதல் மறுப்பு. இதனை நாம் முழுதும் உடன்படுகின்றோம். உடன்படுவதனாலேயே அடுத்த வினாவை எழுப்புகின்றோம்: பிற்பகலில் பாடம் கேட்ட அப்பெண் மாலையில் எழுதிய ஐயத்திற்கு மறுவாரமேனும் விடை வந்ததா? நேரத்தைக் கட்டாத பாடத்திற்கு நேரத்தைக் கட்டாத திருத்தமும் இயலும். பிட்மன் மடல் அதனைச் செய்தது.

பல்லாயிரவர் எழுத்தைப் படிக்க ஆசிரியர் இலர், செலவும் தாங்காது என்பது இரண்டாவது மறுப்பு. தொலைக்கல்விக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களுக்கு வருவாயாக விளங்கியதனை அறிந்தோர் இம்மறுப்பை அப்படியே ஏற்கமாட்டார். மேலும், மூத்த மாணவரைக் கொண்டு இளையோரின் விடையைக் கேட்கும் வழியைத் திண்ணைப் பள்ளி முன்னரே காட்டியுள்ளது. முதுகலை மாணவரும் ஆராய்ச்சி மாணவரும் இப்பணியில் ஈடுபடின், பிறர்க்கு உரைத்தலால் வரும் அரைப் பங்கு கல்வி அவர்க்கும் கிட்டும்.

வேடசந்தூரிலிருந்து தொலைவில் இல்லாத காந்திகிராமமும் இங்கு நினைக்கத்தக்கது. 1947 இல் தொடங்கிய காந்திகிராம நிறுவனத்தில் 1956 இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. அது 1976 இல் பல்கலைக்கழக நிலை பெற்றது. கற்பித்தலோடும் ஆராய்ச்சியோடும் விரிவாக்கப் பணியையும் அந்நிறுவனம் ஒரு கடமையாகக் கொண்டது. பல்கலைக்கழகத்தார் ஊருக்குச் சென்று ஊராரின் சொல்லைக் கேட்பது அப்பணியின் அடிப்படை. கருவி இன்றியும் மீள்வழி அமையும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், தொலைக்கல்வி விதிகள் நுழைவுத் தகுதியையும், நிறுவனத் தகுதியையும், இணையப் பாடத்தின் விழுக்காட்டையும் வரையறுத்தன என்பதும், மீள்வழியைப் பெயரளவில் ஏற்றும் அளந்து காக்கவில்லை என்பதும் புலனாகும். இதிலிருந்து நாம் முன்வைக்க விரும்புவன நான்கு. முதலாவது, திருத்திய விடைத்தாள் இத்தனை நாளில் மாணவரை அடைதல் வேண்டும் எனக் கால வரம்பு வகுத்தல். இரண்டாவது, ஆண்டுதோறும் பெற்ற விடைத்தாள்களின் தொகையையும் திருத்தி மீட்டவற்றின் தொகையையும் பல்கலைக்கழகம் வெளியிடுதல். மூன்றாவது, தொலைநிலை மாணவர் அனைவர்க்கும் தொடக்கத்திலேயே தமிழ்த் தட்டெழுத்துப் பயிற்சி அளித்தல். நான்காவது, வேடசந்தூர் போன்ற ஊர்களின் அரசு கல்லூரிகளில், ஷிப்ட் நேரங்களுக்கேற்பத் திறந்திருக்கும் படிப்பறை ஒன்றையும், மாணவர் விடையைப் படிக்க ஓர் ஆசிரியரையும் அமர்த்துதல்.

இவற்றுள் எதற்கும் புதிய கருவி வேண்டுவதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இம்முயற்சியில் முதற்கண் இறங்குதல் தகும்; தமிழில் எழுதப்படும் விடையைத் திருத்துதல் நம் துறையின் கடமையே அன்றோ? தொலைநிலை மாணவரின் விடைத்தாள்களைப் படித்துத் திருத்தும் பயிற்சியை முதுகலை வகுப்பின் ஒரு கூறாக வரும் கல்வியாண்டிலேயே சேர்த்து, அதன் விளைவைக் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்புகள் விதி வகுப்போர்க்குச் சான்றாகப் பயன்படும்.